கடிதத்தின் கடைசி இரண்டு வரி

வாசகி கேள்வி: நாங்கள் குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 53 வயது, 58 கிலோதான் இருப்பார். பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. போன சித்திரையில் நெஞ்சுவலி வந்து வேலூருக்குக் கொண்டு போனோம். ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றைக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் சுகர் இருப்பதும் தெரிந்தது. குண்டாக இருப்பவர்களுக்குத்தானே இதெல்லாம் வரும்? "பொறந்தப்போ முறத்துல போட்டுத் தூக்குற அளவுதான் இருந்தான், இன்னிக்கும் சதை போடல" என்பார் என் மாமியார். கொழுப்பு மாத்திரையால்தான் சுகர் வந்தது என்று யாரோ சொல்லி, இப்போது மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார். களியும் கூழும் சாப்பிட்டால் போதாதா? மகனுக்கு 25 வயது, ஓசூரில் நைட் ஷிஃப்ட். அவனும் ஒல்லி, தொப்பை மட்டும் இருக்கிறது. ஒரு லேப்காரர் 40 டெஸ்ட் போட்டு 'ஹார்மோன் பேக்கேஜ்' என்று நோட்டீஸ் கொடுத்தார். எடுக்கலாமா? எனக்கு ஒன்றுமில்லை. வயது 49, மாதவிலக்கு நின்று 2 வருஷம். கடை மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தாடையில் ஓர் இறுக்கம் வந்து போகிறது, கேஸ்தான். தைராய்டு மாத்திரை கொடுத்தார்கள், உடம்பு குறையவில்லை என்று நிறுத்திவிட்டேன்.

பதில்:

அம்மா, நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப்போவதில்லை. வீட்டுக்காரர் கதை இரண்டு பக்கம், மகன் கதை ஒரு பக்கம், உங்கள் கதை அடியில் இரண்டு வரி. (கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன்.) அந்த இரண்டு வரியைப் படித்தபோதுதான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

படி ஏறும்போது மூச்சு வாங்குவது, கூடவே தாடையில் இறுக்கம். கேஸ் மாடிப்படி பார்த்து வராது அம்மா. உழைக்கும்போது வந்து, நின்று மூச்சு விட்டால் போய்விடுகிற எந்த இறுக்கத்தையும், அது நெஞ்சில் இருந்தாலும் தாடையில் இருந்தாலும் இடது கையில் இருந்தாலும், இதயம்தான் காரணம் என்றே முதலில் வைத்துக்கொள்வோம். இல்லை என்று பரிசோதனை சொன்னால் சந்தோஷமாக மாற்றிக்கொள்ளலாம். இந்த வாரத்துக்குள் ஒரு இதய மருத்துவரைப் பாருங்கள். அதுவரை மாடிக்குத் துணிப் பொதி தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அந்த இறுக்கம் வந்தாலோ, சில நிமிடங்களில் போகாமல் நின்றாலோ, வியர்த்துக் கொட்டினாலோ ஓமத் தண்ணீர், சோடா என்று தேடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, ஒரு சித்திரை மாத இரவு, ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். கீழ்த்தாடை வலி. புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். எங்கள் ஊர் வெயிலைத்தான் தெரியுமே, எல்லோருக்கும்தான் வியர்க்கிறது என்று நினைத்தேன். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சொத்தைப் பல் இருந்தது. வலி மாத்திரை எழுதிக் கொடுத்து, காலையில் பல் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு ஆட்டோவில் திரும்பி வந்தார்கள். ஈசிஜி காகிதம் வெளியே வர வர என் கை நடுங்கியது. மாரடைப்பு. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பெண்கள் "கேஸ்" என்று சொன்னால் எனக்குக் காது கூர்மையாகிவிடும். ஆண்களைப் போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பெண்களும் விழுவதில்லை. மூச்சு வாங்கல், அசதி, குமட்டல், தாடை, முதுகு என்று சுற்றி வளைத்து வரும்.

அப்புறம் அந்த 2 வருடக் கணக்கு. மாதவிலக்கு இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் ரத்தக் குழாய்களை ஓரளவு காப்பாற்றிக்கொண்டு வருகிறது. அது வற்றும் சமயத்தில் கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்டிஎல் ஏறுகிறது. இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துகொண்டிருந்த சதை வயிற்றுக்குள் சேரத் தொடங்குகிறது. உடனே, சரி, அந்த ஹார்மோனையே மாத்திரையாகப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். மருத்துவ உலகத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து ஈஸ்ட்ரோஜன், கூடவே புரோஜெஸ்டின் என்கிற இன்னொரு ஹார்மோன், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை, மார்பகப் புற்றுநோய் கூடியது. 2002-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். உடம்பு தகிப்பு தாங்க முடியாதவர்களுக்கு அந்த மாத்திரைக்கு இன்றும் இடம் உண்டு. இதயத்தைக் காப்பாற்ற என்று யாராவது எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

தைராய்டு மாத்திரையை நிறுத்தியது தப்பு. ஆனால் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "இதைப் போட்டா உடம்பு குறையும்" என்று சொல்லிக் கொடுத்தவர்மீதும் பாதித் தப்பு இருக்கிறது. அது உடம்பு குறைக்கும் மாத்திரையே அல்ல. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும் வேகம் குறையும், கொழுப்பு ரத்தத்திலேயே சுற்றும். கொழுப்பு மாத்திரைக்குக் கட்டுப்படாத எத்தனையோ பேருக்கு உண்மையான கோளாறு கழுத்தில் இருந்திருக்கிறது. அதற்காக, பழைய புட்டியைத் தேடி எடுத்து இன்றைக்கே முழு டோஸ் ஆரம்பித்துவிடாதீர்கள். இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறவருக்குத் தைராய்டு மாத்திரையைத் திடுமென்று முழு அளவில் கொடுத்தால் இதயம் வேகமெடுத்து வலி கூடும். முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும், பிறகு டிஎஸ்ஹெச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும், அப்புறம் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். இன்னொன்று: முன்பு அதை எப்படிப் போட்டீர்கள்? காலைக் காபியோடு என்றால் மாத்திரை உடம்பில் முழுசாக ஏறியே இருக்காது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் 4 மணி நேரம் தள்ளி.

சரி, இப்போது வீட்டுக்காரர்.

உங்கள் மாமியார் சொன்ன முறத்துக் கதையைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். அவருக்கு 53 வயது என்றால் 1970-களின் தொடக்கத்தில், பழைய வட ஆற்காட்டு மாவட்டத்தில் பிறந்தவர். (இன்று அந்த மாவட்டம் நான்காகப் பிரிந்து கிடக்கிறது, உடம்புக்கு அந்த எல்லைக்கோடெல்லாம் தெரியாது.) 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் பிறந்த 10,691 குழந்தைகளை அன்றைக்கே கணக்கெடுத்து வைத்திருந்தார்கள். அவர்கள் 26-லிருந்து 32 வயதுக்குள் இருந்தபோது அவர்களில் 2,218 பேரைத் தேடிப்பிடித்து, சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள பிஎம்ஐ கணக்கில் அவர்களுடைய நடு அளவு வெறும் 20. அதாவது பெரும்பாலோர் ஏறக்குறைய உங்கள் வீட்டுக்காரர் மாதிரிதான். அந்த வயதிலேயே, நகரத்தில் 100-க்கு 19 பேருக்கும் கிராமத்தில் 14 பேருக்கும் அதைக் குடித்த பிறகு சுகர் சரியாக இறங்கவில்லை. சுகர் வியாதியே வந்துவிட்டவர்கள் இதில் சேரவில்லை, அவர்கள் தனி. குண்டாக இருந்தால்தான் வரும் என்பதை நம் மண்ணிலேயே எடுத்த கணக்கு தப்பாக்கிவிட்டது.

இதற்கு ஒரு படம் உண்டு. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்கிற மருத்துவர், லண்டன்காரரான தன் நண்பர் ஜான் யுட்கினோடு பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டது. 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. இரண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. உள்ளே அளந்தால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். வெளியே ஒல்லி, உள்ளே குண்டு. அதற்கு முந்தைய ஆண்டு அதே புனே குழு பிறந்த குழந்தைகளை அளந்திருந்தது. இங்கிலாந்துக் குழந்தை 3.5 கிலோ என்றால் நம் குழந்தை 2.7 கிலோ. ஆனால் அந்த 800 கிராம் குறைவு தசையிலும் மற்ற உறுப்புகளிலும்தான் அதிகம், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. தாயின் வயிற்றில் தீனி போதாதபோது பிள்ளை மூளையையும் கொழுப்பையும் காப்பாற்றிக்கொண்டு தசையை விட்டுக்கொடுத்துவிடுகிறது.

தசை இல்லாவிட்டால் என்ன? உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் இறங்குகிறது. அதை உள்ளே ஏற்றி வைக்கும் பெரிய குடோன் தசை. குடோன் கதவைத் திறக்கிற ஆள் இன்சுலின். ஆக, இன்சுலினும் ஒரு ஹார்மோன்தான், நோட்டீஸில் ஹார்மோன் என்று போட்டால்தான் ஹார்மோன் என்றில்லை. உங்கள் வீட்டுக்காரருக்குப் பிறவியிலேயே குடோன் சின்னது. நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்பதால் அதில் பாதி எப்போதும் பூட்டு. லோடு லோடாகச் சரக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? தாழ்வாரத்தில் அடுக்குவீர்கள். உடம்பும் அதைத்தான் செய்கிறது. மிச்சச் சர்க்கரையைக் கொழுப்பாக்கிக் கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் அடுக்குகிறது. கல்லீரல் நிரம்பினால் அது ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பாக ரத்தத்தில் இறங்கும், நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் குறையும், எல்டிஎல் துகள்கள் சின்னதாகி, எண்ணிக்கையில் பெருகிக் குழாய்ச் சுவருக்குள் நுழையும். கதவு திறக்காததால் இன்சுலின் இன்னும் இன்னும் சுரக்கும். அது சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி பிபியையும் ஏற்றிவிடும். சுகருக்கு ஒரு டாக்டர், பிபிக்கு ஒருவர், ஹார்ட்டுக்கு ஒருவர் என்று நாம் பங்கு போட்டுக்கொண்டாலும் உள்ளே நடப்பது ஒரே கதை. 1988-இல் ஜெரால்ட் ரீவன் என்கிற அமெரிக்க மருத்துவர்தான் இவை ஒன்றாக வருவதைச் சேர்த்து 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார்.

இந்தத் தாழ்வாரத்துச் சரக்கை நான் கண்ணாலேயே பார்ப்பவன். லேபில் ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால் மேலே தெளிவாக, லேசான மஞ்சளில், வடித்த கஞ்சி ஆறியதும் மேலே நிற்கிற தண்ணீர் மாதிரி சீரம் நிற்க வேண்டும். ஒருநாள் ஒரு குழாயில் மோர் மாதிரி வெள்ளையாக நின்றது. நேற்று ராத்திரி பிரியாணியா என்று கேட்டேன். "இல்லை சார், 12 மணி நேரம் பச்சைத் தண்ணீர்தான்" என்றார். எலும்பும் தோலுமான ஆள். அவ்வளவும் அவருடைய கல்லீரல் அனுப்பிய ட்ரைகிளிசரைடு.

இன்னொரு விஷயம் உங்களுக்கு ஆறுதலா, வருத்தமா என்று எனக்குத் தெரியாது. 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்தபோது, தெற்காசியர்களுக்கு அது சராசரியாக 53 வயதில் வந்திருந்தது, மற்ற நாட்டவர்களுக்கு 59-ஐ ஒட்டி. ஆக, உங்கள் வீட்டில் நடந்தது விதிவிலக்கில்லை.

கொழுப்பு மாத்திரையால் சுகர் வந்தது என்று சொன்னவருக்குக் கணக்கே உதைக்கிறது. சுகர் தெரிந்தது ஸ்டென்ட் வைத்த அன்று, மாத்திரை ஆரம்பித்தது அதற்கு அப்புறம். ஸ்டேட்டின் என்கிற இந்தக் கொழுப்பு மாத்திரை சிலருக்குச் சுகரை லேசாக ஏற்றும், அது உண்மை. ஏற்கெனவே எல்லையில் நிற்பவர்களை அந்தப் பக்கம் தள்ளிவிடும். ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது தடுக்கிற அடைப்பின் பக்கத்தில் இந்த நஷ்டம் சின்னது. சுகருக்கு மாத்திரை கூட்டிக்கொள்ளலாம், அடைத்த குழாய்க்கு அப்படி ஒரு வசதி இல்லை. அதைவிட முக்கியம், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்திருக்கிற ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரியான மாத்திரைகள். பல் பிடுங்கப் போனால்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்தால் அடுத்த மாரடைப்பு அன்றைக்கே வரும்.

களி. இதில் எனக்கும் பாசம் உண்டு, களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் மெஷினில் மாவாக அரைத்து, கிண்டி, உருட்டி விழுங்கினால் அரிசிச் சோறு மாதிரியே சுகரை ஏற்றும். கூழாகக் கரைத்துக் குடித்தால் அதைவிடச் சீக்கிரம் ஏறும். தாத்தா இரண்டு பெரிய உருண்டை சாப்பிட்டார் என்றால் ஏற்றம் இறைத்தார், ஏர் ஓட்டினார். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குச் சின்ன உருண்டை ஒன்று போதும். மிச்ச வயிற்றுக்குக் கீரை, கொள்ளு, மொச்சை, முட்டை. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான், அதற்காக எண்ணெயில் மிதக்கவிட வேண்டியதில்லை.

குடோனைப் பெரிதாக்க வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. சாப்பிட்ட கையோடு 10, 15 நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். தசை அசைந்தால் இன்சுலின் வராமலே கதவு திறக்கும். நம் ஊர் வெயிலில் மத்தியானம் வெளியே போகச் சொல்ல மாட்டேன், கடைக்குள்ளேயே நடக்கலாம். இதய மருத்துவர் சரி என்ற பிறகு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரட்டும், ஒரு தடவைக்குப் பத்து. தொடைதான் உடம்பில் பெரிய தசை.

மகன் விஷயத்தில் அந்த நோட்டீஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இது என் தொழில் சம்பந்தப்பட்டது. கார்டிசால் என்பது காலையில் உச்சத்துக்குப் போய் இரவில் அடங்குகிற ஹார்மோன். இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்குபவனுக்குக் காலை 8 மணிக்கு ஊசி போட்டு எடுத்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? பசியை அடக்கும் லெப்டின் என்கிற ஹார்மோன் 1994-இல் கண்டுபிடிக்கப்பட்டபோது நாங்கள் எல்லோரும் குதித்தோம், ஆனால் சாதாரணமாகத் தொப்பை இருப்பவருக்கு அதை அளந்து வைத்தியத்தில் எதையும் மாற்றப்போவதில்லை. வெறும் வயிற்று இன்சுலின்கூட எங்கள் ஆராய்ச்சிக்குத் தேவை, அவனுக்குத் தேவையில்லை. 40 பரிசோதனை எடுத்தால் ஆரோக்கியமானவருக்கும் ஒன்றிரண்டு தடித்த எழுத்தில் வரத்தான் செய்யும். அப்புறம் அதைத் துரத்திக்கொண்டு இன்னும் நாலு டெஸ்ட்.

அவனுக்கு வேண்டியது: வெறும் வயிற்றில் சுகர், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துச் சுகர், மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்புக் கணக்கு, பிபி. அதற்கும் முன்னால் ஒரு பரிசோதனை உங்கள் கடையிலேயே இருக்கிறது, இன்ச் டேப். விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேட்டுக்கும் நடுவில், சட்டையைத் தூக்கி, மூச்சை வெளியே விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். வயிற்றை உள்ளே இழுப்பான், விடாதீர்கள். ஆணுக்கு 90 செ.மீ., அதாவது முப்பத்தைந்தரை அங்குலம். பெண்ணுக்கு 80 செ.மீ., முப்பத்தொன்றரை அங்குலம். அதைத் தாண்டினால் தராசு என்ன சொன்னாலும் தாழ்வாரத்தில் சரக்கு இருக்கிறது. பேன்ட் சைஸை வைத்துச் சொல்லாதீர்கள், இந்தக் காலத்துப் பையன்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறார்கள்.

குளுக்கோஸ் குடித்த 2 மணி நேரச் சுகர் 140-லிருந்து 199 வரை வந்தால் பதற வேண்டாம், அது வியாதிக்கு முந்தைய படி. சென்னையில் சுகர் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் இந்தப் படியில் நின்ற 531 பேரை 3 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். சும்மா விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்தது, நடையும் சாப்பாடும் மாற்றியவர்களில் 39 சதவீதத்தை ஒட்டி. மந்திரமில்லை, ஆனால் ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைத்த வித்தியாசம். நைட் ஷிஃப்ட்டை உடனே விட முடியாது, எனக்குத் தெரியும். இரவு 2 மணிக்குக் கேன்டீன் பரோட்டாவை விடலாம். அந்த நேரத்தில் இன்சுலின் சொல் பேச்சுக் கேட்காது. ஷிஃப்ட்டுக்குப் போகும் முன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நடுவில் சுண்டலோ வேர்க்கடலையோ போதும்.

இனி மறுபடி உங்களுக்கு. பழைய தைராய்டு ரிப்போர்ட், அப்போது போட்ட மாத்திரையின் அட்டை அல்லது புட்டி, இப்போது போடுகிற மாத்திரைகள், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அந்த இதய மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். ஈசிஜி சரியாக இருக்கிறது என்று சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜி, படி ஏறும்போது வருகிற கோளாறைக் காட்டாமல் போகலாம். "படி ஏறினால்தான் வருகிறது" என்று சொல்லுங்கள், கேஸ் என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள். எக்கோ என்கிற இதய ஸ்கேன், நடக்கவைத்து ஈசிஜி எடுக்கிற டிரெட்மில் வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். ரத்தசோகையாலும் மூச்சு வாங்கலாம், ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். கடையை யார் பார்ப்பது என்பீர்கள். போன சித்திரையில் அவருக்காக எத்தனை நாள் மூடினீர்கள்? இதற்கு ஒரு நாள் போதும். ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் உங்கள் விஷயம் முதல் வரியில் இருக்கட்டும்.